வாசித்து முடித்த பிறகு: கனடாவின் பூர்வகுடிகளும் எங்கள் சங்கங்களும்

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றிய நகரங்களிலும் தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் விழாக்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மங்கள விளக்கு, தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. நாம் கூடியிருக்கும் இந்த இடம் மிசிசாகா, அனிஷினாபே, ஹோடனஷோனி, வென்டாட் மக்களின் பாரம்பரிய நிலம் என்று ஏற்றுச் சொல்லும் வாசகம். யாராவது ஒரு இளையவர் மேடையேறி வாசிப்பார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் வரவேற்பு நடனம்.

அந்த வாசகத்தில் தவறில்லை. ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபையின் பாடசாலைகளில் 2016இலிருந்து அது தினமும் காலையில் வாசிக்கப்படுகிறது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு மனப்பாடம். ஆனால் இதே நகரத்தின் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அப்படியொரு வாசகத்தை எழுத உதவிய அனிஷினாபே எழுத்தாளர் ஹேடன் கிங், அதை எழுதியதற்காக வருந்துவதாக 2019இல் வெளிப்படையாகவே சொன்னார். வாசிப்பவர் வாசித்ததோடு தன் கடமை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்ள அது வழி செய்துவிட்டது என்பது அவருடைய வருத்தம்.

அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆகவே இங்கே பேசப்போவது வாசகத்துக்குப் பிறகு வரும் வேலையைப் பற்றி. கனடிய அரசு செய்ய வேண்டியது மலையளவு இருக்கிறது, அதை எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒரு ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் நிர்வாகம், முதியோர் மன்றம் என்ன செய்யலாம் என்பதைத்தான் எங்களிடையே யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில், இந்த நல்லிணக்கப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். இலங்கையில் ஆணைக்குழுக்களைப் பார்த்துச் சலித்தவர்கள் நாங்கள். கனடாவின் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு என்றதும், அரசு தன் முகத்தைக் கழுவிக்கொள்ள அமைத்த இன்னொன்று என்ற எண்ணம் வருவது இயல்பு. உண்மையில் அது வழக்கு போட்டு வாங்கப்பட்டது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்த வதிவிடப் பாடசாலைகளில் வளர்ந்து உயிர்தப்பியவர்கள் கனடிய அரசுக்கும் திருச்சபைகளுக்கும் எதிராக ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். பூர்வகுடித் தலைவர் ஃபில் ஃபொன்டெய்ன் 1990இல் தனக்கு நேர்ந்த கொடுமையைப் பொதுவில் சொன்னது பலருடைய வாயைத் திறந்தது. 2006இல் அரசு உடன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொருவருக்கும் அந்தப் பாடசாலையில் இருந்த முதல் ஆண்டுக்கு 10,000 டொலர், அடுத்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 3,000 டொலர். கூடவே நடந்ததைப் பதிவுசெய்ய ஒரு ஆணைக்குழு. அந்த ஆணைக்குழுவின் செலவுக்கு ஒதுக்கப்பட்ட 60 மில்லியன் டொலரும் அதே உடன்பாட்டுக்குள்ளிருந்து வந்ததுதான். நீதிபதி மரே சின்கிளேர் தலைமையில் 6,500க்கு மேற்பட்டவர்களின் சாட்சியத்தைக் கேட்டு, 2015இல் 94 செயற்கோரிக்கைகளோடு அறிக்கை வந்தது.

வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி எங்கள் சமூகத்தில் இப்போது ஓரளவு தெரியும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, 1990கள் வரை, சுமார் 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் தாய் தகப்பனிடமிருந்து பிரிக்கப்பட்டு, திருச்சபைகள் நடத்திய, அரசு பணம் கொடுத்த விடுதிப் பாடசாலைகளில் அடைக்கப்பட்டார்கள். 1920இல் அது சட்டப்படி கட்டாயமானது. தாய்மொழி பேசினால் அடி. காசநோயால் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே எழுதிக் கொடுத்தார். அந்த எச்சரிக்கை கிடப்பில் போடப்பட்டது. இறந்த பிள்ளைகளில் 4,100க்கு மேற்பட்டோரின் பெயர்கள் இன்று தேசிய நிலையமொன்றின் நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. 2021 மே மாதம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில் பழைய பாடசாலை வளவில் நிலத்தடி ராடார் சுமார் 200 புதைகுழிகளுக்கான தடயங்களைக் காட்டியதாக அந்த ஊர் மக்கள் அறிவித்தபோதுதான் நாடு முழுவதும் நின்று பார்த்தது.

அவ்வளவாகத் தெரியாத இன்னொரு சட்டம் இருக்கிறது. சங்கம் நடத்தும் ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கனடாவின் பூர்வகுடிகளை ஆளும் ‘இந்தியர் சட்டத்தில்’ 1927இல் 141ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. பூர்வகுடி மக்கள் தங்கள் நில உரிமைக் கோரிக்கைக்காகச் சட்டத்தரணி வைக்கப் பணம் சேர்ப்பதும், அதற்காக அவர்களிடமிருந்து பணம் வாங்குவதும் அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் குற்றம் ஆனது. 1951 வரை, 24 ஆண்டுகள், அது சட்டமாக இருந்தது. மேற்குக் கரையில் பொட்லாட்ச் எனப்படும் கொடைச் சடங்குக் கூடல்களுக்கு 1880களிலிருந்து போடப்பட்ட தடையும் 1951இல்தான் நீங்கியது. யோசித்துப் பாருங்கள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதலில் செய்தது என்ன? கூடினோம், சங்கம் அமைத்தோம், ரிக்கெற் விற்றோம், நிதி சேர்த்தோம், ஊருக்கு அனுப்பினோம், வழக்குக்கும் கொடுத்தோம். எந்த இரண்டு காரியத்தில் எங்கள் சமூகம் கெட்டிக்காரத்தனம் காட்டியதோ, அதே இரண்டையும் இந்த நிலத்தின் மக்களுக்குச் சட்டம் போட்டு மறுத்திருந்தார்கள். எங்கள் சங்கங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்குப் பதில் அங்கிருந்து தொடங்குகிறது.

ரொறன்ரோவுக்கு வருவோம். தமிழர் செறிந்து வாழும் இந்த நகரத்தின் நிலம் எப்படிக் கைமாறியது? ரொறன்ரோ கொள்வனவு என்று சொல்லப்படும் ஒப்பந்தம் 1787இல் மிசிசாகா மக்களோடு செய்யப்பட்டதாகப் பிரித்தானிய அதிகாரிகள் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தபோது அதில் நிலத்தின் விபரமே எழுதப்பட்டிருக்கவில்லை. வெற்றுத்தாள். தலைவர்களின் அடையாளக் குறிகள் தனித் துண்டுகளில் இருந்து அதில் ஒட்டப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்தில் எல்லை குறிக்காத வெறும் உறுதியைக் கொண்டுவந்து ஒருவர் காணி தன்னுடையது என்றால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். இங்கே நடந்தது, 1805இல் 10 ஷில்லிங் கொடுத்து அதை உறுதிப்படுத்திக்கொண்டார்கள். சுமார் 2,50,000 ஏக்கர். மிசிசாகா மக்கள் 1847இல் இந்தப் பகுதியை விட்டு, ஹோடனஷோனிகளின் ஆறு நாடுகள் கொடுத்த நிலத்துக்குப் போனார்கள். இன்று அவர்கள் ஹேகர்ஸ்வில்லுக்கு அருகே இருக்கிறார்கள். நில உரிமைக் கோரிக்கையை 1986இல் முன்வைத்தார்கள். 2010இல் 145 மில்லியன் டொலரில் தீர்வு வந்தது.

ஸ்காபரோ உள்ள நகரத்தின் கிழக்குப் பக்கமும், மார்க்கம், பிக்கரிங், ஏஜக்ஸ் பக்கமும் வேறு கதை. அங்கே 1923இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்கள். வேறு பல ஒப்பந்தங்களில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமை எழுத்திலாவது மிஞ்சியது. இந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட ஏழு சமூகங்கள், தங்கள் முன்னோர் செய்த பழைய ஒப்பந்தங்களின் உரிமையைக்கூட இழந்துவிட்டதாக அரசு நடந்துகொண்டது. தன் ஏரியில் மீன் பிடித்தவர் மீது வழக்குப் போடப்பட்டது. 2018இல்தான் 1.1 பில்லியன் டொலர் இழப்பீடும், அந்தப் பழைய உரிமைகளுக்கான அங்கீகாரமும், ஒவ்வொரு சமூகமும் 11,000 ஏக்கர் வரை நிலம் வாங்கித் தன் ஒதுக்கு நிலத்தோடு சேர்க்கக் கோரலாம் என்ற உரிமையும் கிடைத்தன. அரசுகள் இரண்டும் மன்னிப்புக் கேட்டன. இந்த ஏழு சமூகங்களின் பெயர்கள்: அல்டர்வில், கேர்வ் லேக், ஹையவாதா, ஸ்கூகொக் தீவு, பொசொலே, ஜோர்ஜினா தீவு, ராமா. ராமாவைச் சூதாட்ட விடுதியாக மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் எங்களில் நிறையப் பேர்.

இதைச் சொன்னால் ஒரு பதில் வரும். "இதெல்லாம் வெள்ளைக்காரர் செய்தது. நாங்கள் அகதியாக வந்தவர்கள். எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" நியாயமான கேள்விதான், கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டும். குற்றம் எங்களுடையதல்ல. ஆனால் வீடு, கடை, கோயில், கல்யாண மண்டபம் எல்லாம் நிற்பது அந்த ஒப்பந்தங்களின் மேல். ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கம் இருக்கிறது, குடியுரிமை எடுத்தவர் அதில் ஒரு பக்கத்துக்காரர் ஆகிறார். 2021 ஜூனிலிருந்து குடியுரிமை உறுதிமொழியிலேயே இது வந்துவிட்டது. முதல் குடிகள், இனுவிட், மெற்றி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்றுக்கொள்ளும் அரசியலமைப்பை மதித்து நடப்பேன் என்று கை உயர்த்திச் சொல்லித்தான் இப்போது குடியுரிமை பெறுகிறோம். அது ஆணைக்குழுவின் 94ஆவது கோரிக்கையால் வந்த மாற்றம்.

இன்னொரு பதிலும் வரும், அதைக் கையாள்வது கடினம். "எங்களுக்கு நடந்ததும் இதுதான். எங்கள் வலியே பெரிது." 2022ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மே 18ஆம் திகதியைத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது. அதே ஆண்டு அக்டோபரில், வதிவிடப் பாடசாலைகளில் நடந்ததை இனப்படுகொலை என்று ஏற்கும்படி அரசைக் கோரும் தீர்மானம், உறுப்பினர் லியா கஸான் கொண்டுவந்தது, அதே அவையில் அதே வகையில் நிறைவேறியது. ஐந்து மாத இடைவெளி. எங்கள் தீர்மானத்தைக் கொண்டாடிய எத்தனை சங்கங்கள் இரண்டாவதை வரவேற்று ஒரு வரியாவது எழுதின? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வீதியோரம் இருக்கும் தாய்மாரை எங்களுக்குத் தெரியும். பாடசாலைக்குப் போன பிள்ளை இனித் திரும்பாது என்று அறிவிக்கும் கடிதம்கூடக் கிடைக்காத தாயைப் புரிந்துகொள்ள எங்களைவிடத் தகுதியானவர்கள் குறைவு. அந்தப் புரிதல் அருகில் போய் உட்காருவதற்குப் பயன்பட வேண்டும். அவர்கள் பேசத் தொடங்கும்போது எங்கள் கதையை எடுத்துவிடுவதற்கல்ல.

சரி, செயலுக்கு வருவோம். கனடாவில் பூர்வகுடி அல்லாத குழுக்கள் உண்மையாகவே உதவிய இடங்கள் உண்டு. அவற்றைக் கூர்ந்து பார்த்தால் உதவி என்றால் என்ன என்பது தெளிவாகும்.

ஒன்ராறியோவின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடாவுக்கு அருகில் அட்டவபிஸ்கட் என்ற, கிறீ எனும் பூர்வகுடி மக்களின் ஊர். அங்கிருந்த ஆரம்பப் பாடசாலைக்கு அடியில் 1979இல் டீசல் கசிந்து நிலம் நஞ்சானது. 2000இல் பாடசாலையை மூடினார்கள். பிள்ளைகளை அந்த வளவுக்குப் பக்கத்திலேயே தற்காலிகக் கொட்டகைகளில் உட்காரவைத்தார்கள். புதுப் பாடசாலை வரும் வரும் என்று வாக்குறுதிகள். 2008இல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நயாகராச் சுற்றுலாவுக்கு வைத்திருந்த திட்டத்தை விட்டுவிட்டு ஒட்டாவாவுக்குப் போனார்கள். ஷெனன் கூஸ்டாச்சின் என்ற 13 வயதுப் பெண் அமைச்சரை நேரில் சந்தித்தாள். பணம் இல்லை என்றார் அமைச்சர். அவள் வெளியே வந்து நாடாளுமன்றப் படிக்கட்டில் நின்று, நாங்கள் விடமாட்டோம் என்று பேசினாள். உயர்நிலைப் படிப்புக்காக ஊரை விட்டுத் தெற்கே வரவேண்டியிருந்த அவள் 2010இல் வீதி விபத்தில் இறந்துபோனாள். அவளுடைய பெயரில் எழுந்த இயக்கத்தில் நாடு முழுவதும் பாடசாலைகள் சேர்ந்தன. பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். 2012 பெப்ரவரியில் நாடாளுமன்றம் பூர்வகுடிப் பிள்ளைகளின் சமமான கல்விக்கான தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றியது. 2014இல் அட்டவபிஸ்கட்டில் புதுப் பாடசாலை திறந்தது.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் தங்கள் பழைய பாடசாலைக்குக் கட்டடமும் கணினியும் வாங்கிக் கொடுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்க முடியாது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தக் கடிதம் எழுதிய பிள்ளைகள் அட்டவபிஸ்கட்டுக்குப் பழைய புத்தகம் சேர்த்து அனுப்பித் திருப்திப்படவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் யாரோ அவரை நோக்கிப் பேசினார்கள். சட்டப்படி அந்தப் பாடசாலைக்குப் பொறுப்பு மத்திய அரசு. தர்மம் செய்தால் பொறுப்பாளி தப்பித்துவிடுவார்.

சிண்டி பிளாக்ஸ்டொக் தலைமையிலான பூர்வகுடிச் சிறுவர் நல அமைப்பும் இதே வழியைத்தான் காட்டியது. ஒதுக்கு நிலங்களில் வாழும் பிள்ளைகளின் நலச் சேவைகளுக்கு அரசு குறைத்துப் பணம் தருகிறது, அது பாகுபாடு என்று 2007இல் மனித உரிமை முறைப்பாடு செய்தார்கள். பின்னணியில் ஜோர்டன் ரிவர் அண்டர்சன் என்ற கிறீச் சிறுவனின் கதையும் இருந்தது. வீட்டுப் பராமரிப்புச் செலவை மத்திய அரசு கட்டுவதா மாகாணம் கட்டுவதா என்ற இழுபறியில் இரண்டு ஆண்டுக்கு மேல் தேவையில்லாமல் வைத்தியசாலையிலேயே கிடந்து, வீட்டைப் பார்க்காமலே 2005இல் ஐந்து வயதில் இறந்தான். முறைப்பாட்டைத் தொடர்ந்து அமைப்பினர் பொதுமக்களிடம் கேட்டது மிகச் சிறியது: பணம் வேண்டாம், பக்கம் எடுக்கவும் வேண்டாம், இந்த வழக்கைப் பின்தொடருங்கள், சாட்சியாக இருங்கள். விசாரணைக்குப் பாடசாலைப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பெப்ரவரி 14ஆம் திகதியும் பிரதமருக்கும் உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதும் வழக்கம் வளர்ந்தது. 2016 ஜனவரியில் தீர்ப்பாயம் அரசு பாகுபாடு காட்டியது என்று தீர்ப்புச் சொன்னது. 2023இல் 23.3 பில்லியன் டொலர் இழப்பீட்டை நீதிமன்றம் அங்கீகரித்தது. வேலை முடிந்துவிடவில்லை. 2021 கணக்கெடுப்பில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடிகள் 7.7 விழுக்காடு; வளர்ப்பு இல்லங்களில் இருப்பவர்களில் அவர்கள் 53.8 விழுக்காடு. வதிவிடப் பாடசாலை மூடப்பட்டது, பிள்ளையை வீட்டிலிருந்து எடுப்பது நிற்கவில்லை என்று பூர்வகுடித் தாய்மார் சொல்வது இதைத்தான்.

வின்னிபெக் உதாரணம் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அது நகரத்து மக்களின் தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குகிறது. 1919இலிருந்து அந்த நகரம் குடிப்பது ஷோல் ஏரித் தண்ணீர். அதை எடுப்பதற்காக ஷோல் லேக் 40 என்ற அனிஷினாபே சமூகத்தின் நிலத்தை எடுத்து, வாய்க்கால் வெட்டி, அந்த ஊரையே தீவாக்கிவிட்டார்கள். குளிர்காலத்தில் பனிக்கட்டியின் மேல் நடந்து ஏரியைக் கடக்க வேண்டும். அப்படிக் கடக்கையில் உயிரிழந்தவர்கள் உண்டு. பாதை இல்லாததால் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியவில்லை. நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுத்த ஊர் 1997இலிருந்து 24 ஆண்டுகள் போத்தல் தண்ணீரில் வாழ்ந்தது. 2014இல் வின்னிபெக்கில் மனித உரிமை அருங்காட்சியகம் திறந்தபோது, அந்த ஊர் மக்கள் தங்கள் ஊரையே மனித உரிமை மீறல்களின் அருங்காட்சியகம் என்று அறிவித்து, வந்து பாருங்கள் என்றார்கள். நகரத்திலிருந்து தேவாலயக் குழுக்களும் ஊர்க்குழுக்களும் போய்ப் பார்த்தன. திரும்பி வந்து, எங்களுக்குப் பாதை வேண்டும் என்று அந்த ஊர் கேட்ட அதே கோரிக்கையைத் தங்கள் நகரசபையிடமும் மாகாணத்திடமும் மத்திய அரசிடமும் வைத்தன. சொந்தமாக வேறு கோரிக்கை எதையும் சேர்க்கவில்லை. மூன்று அரசுகளும் செலவைப் பகிர்ந்தன. 2019இல் பாதை திறந்தது. 2021 செப்டெம்பரில் சுத்திகரிப்பு நிலையம்.

இந்த மூன்றிலும் கோரிக்கையை வகுத்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்கள். மற்றவர்கள் ஆள் கொண்டுவந்தார்கள், குரல் கொண்டுவந்தார்கள், வருடக்கணக்கில் நின்றார்கள். காலனிய நீக்கம் என்று பெரிய சொல்லாகச் சொல்வதன் நடைமுறைப் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான்: முடிவெடுக்கும் இடத்தை விட்டுக்கொடுப்பது. அது சங்கங்களுக்குக் கடினம். நிகழ்ச்சியை யார் திட்டமிடுவது, மேடையில் யார் எத்தனை நிமிடம், பதாகையில் யார் சின்னம் பெரிது என்பதில்தான் எங்கள் செயற்குழுக் கூட்டங்களின் பாதி நேரம் போகிறது.

அதனால் பொங்கல் விழாவுக்குப் பூர்வகுடி நடனக் குழுவை அழைத்து, பொன்னாடை போர்த்தி, படம் எடுத்து அனுப்பிவைப்பதை நான் நல்லிணக்கமாகக் கொள்ளமாட்டேன். அழைப்பது நல்லது. ஆனால் நாங்கள் முதலில் போக வேண்டும். ரொறன்ரோவில் 1962இல் தொடங்கிய பூர்வகுடிக் கனடியர் நிலையம் ஸ்பதைனா வீதியில் இயங்குகிறது. கவுன்சில் ஃபயர் என்ற பண்பாட்டு நிலையம் முன்னின்று உழைத்ததால்தான் நகர மண்டபத்துச் சதுக்கத்தில், பெரிய ஆமைச் சிற்பத்தோடு, உயிர்தப்பியோருக்கான நினைவுத் தோட்டம் 2024இல் திறந்தது. நகரங்களில் வாழும் பூர்வகுடிகளுக்கான நட்பு நிலையங்கள் நாடெங்கும் நூறுக்கு மேல் இருக்கின்றன. அவர்களுடைய பொது நிகழ்வுகளுக்கு எங்கள் முதியோர் மன்றத்து பஸ் ஒன்று போகலாம். பேச அழைப்பு இல்லாமல், மேடை கேட்காமல், பார்வையாளராகப் போய் வரலாம்.

பூர்வகுடி மூத்தவர் ஒருவரை அழைக்க முடிவானால் அதற்கு மரியாதை முறை இருக்கிறது. அனிஷினாபே, ஹோடனஷோனி வழக்கில் வேண்டுகோளோடு புகையிலை கொடுப்பார்கள். எந்தச் சமூகத்தவர் என்று அறிந்து அவர்களிடமே முறையைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசல்வரை கூட்டிவர ஒருவர், போக்குவரத்து, சாப்பாடு, கையில் உரிய சன்மானம். பேச்சு முடிந்து மூன்று மாதம் கழித்துக் காசோலை அனுப்பக் கூடாது. செப்டெம்பர் 30, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாள், 2021இலிருந்து மத்திய அரசு விடுமுறை. அந்த வாரம் நாடு முழுவதும் எல்லா அலுவலகமும் எல்லாப் பாடசாலையும் ஒரு மூத்தவரைத் தேடுகிறது. வதிவிடப் பாடசாலையில் பட்டதைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுக்கு என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் சங்கம் அந்த வாரத்தை விட்டு மார்ச்சில் ஒரு நாள் அழைக்கலாம். அல்லது அவர்களைச் சிரமப்படுத்தாமல் முதலில் ஆணைக்குழு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் கலந்துரையாடலாம். அது இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது.

பணத்தைப் பற்றி. கலிபோர்னியாவின் ஓக்லாந்துப் பக்கம் ஓலோனி மக்களின் பெண்கள் தலைமையிலான நில அறக்கட்டளைக்கு, அங்கே குடியிருக்கும் மற்றவர்கள் ஷூமி எனப்படும் நில வரியைத் தாங்களாக விரும்பிக் கட்டுகிறார்கள். சியாற்றிலில் டுவாமிஷ் மக்களுக்கு மாதாமாதம் வாடகை போலக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இந்த ஏற்பாடுகளின் பலம் தொகையில் இல்லை, அது தவறாமல் வருவதிலும் எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று கொடுப்பவர் சொல்லாததிலும் இருக்கிறது. எங்கள் சங்கங்களுக்கு இதில் சங்கடம் வரும். ஊருக்கு அனுப்பும் ஒவ்வொரு சதத்துக்கும் படமும் பற்றுச்சீட்டும் கேட்டுப் பழகியவர்கள். ஆனால் இங்கே அனுப்புவது நன்கொடை இல்லை. வாழும் நிலத்துக்கான பாத்தியதை. அதற்குப் படம் கேட்பது முறையல்ல.

இதோடு சேர்த்து ஒரு விஷயம், கசப்பானதுதான். நல்லிணக்கம் என்ற தலைப்பில் அரசும் அறக்கட்டளைகளும் மானியம் அறிவிக்கும்போது, விண்ணப்பம் எழுதத் தெரிந்த குடிவரவாளர் அமைப்புகளும் வரிசையில் நிற்கின்றன. பூர்வகுடி அமைப்பு ஒன்று அதே பணத்துக்கு விண்ணப்பித்திருந்தால் நாங்கள் விலக வேண்டும். எங்களிடம் கணக்காளர் இருக்கிறார், மண்டபம் இருக்கிறது, விண்ணப்பம் எழுதுபவர் இருக்கிறார் என்றால் அவற்றை அவர்கள் விரும்பினால் அவர்கள் பயன்படுத்தக் கொடுக்கலாம்.

எங்கள் கையில் முழுமையாக இருப்பது எங்கள் மக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. ஆணைக்குழுவின் 93ஆவது கோரிக்கை, புதிதாக வருபவர்களுக்கான தகவல் பொதியிலும் குடியுரிமைத் தேர்விலும் பூர்வகுடிகளின் முழு வரலாறும் ஒப்பந்தங்களும் இடம்பெற வேண்டும் என்பது. பல ஆண்டுகளாகப் பயன்படும் வழிகாட்டி நூலில் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கிடைத்தது ஒரு சிறு பத்தி. 94 கோரிக்கைகளில் 13தான் நிறைவேறியிருக்கின்றன என்று பூர்வகுடி ஆய்வு நிறுவனமான யெலோஹெட் 2022 முடிவில் கணக்குச் சொன்னது. அரசின் நூலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குடியேறியோருக்கான எங்கள் தமிழ் வகுப்புகள், வானொலிகள், முதியோர் குடியுரிமைத் தேர்வுப் பயிற்சிகள் எல்லாவற்றிலும் இதைச் சொல்லலாம். குடிகாரர், வரி கட்டாதவர், அரசு காசில் வாழ்பவர் என்று பூர்வகுடிகளைப் பற்றி எங்கள் வரவேற்பறைகளில் உலவும் பேச்சுக்குத் தமிழில்தான் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலத் துண்டுப்பிரசுரம் அந்த வரவேற்பறைக்குள் போகாது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளை பொதுப் பாடசாலைச் சபையின் ஏற்பாட்டில் தமிழ் படிக்கிறது. நல்லது, அதற்கு எங்கள் பெற்றோர் உழைத்தார்கள். கனடாவில் 70க்கு மேற்பட்ட பூர்வகுடி மொழிகள் உள்ளன. 2021இல் அவற்றைப் பேசத் தெரிந்த பூர்வகுடிகள் எல்லா மொழிக்குமாகச் சேர்த்து சுமார் 2,37,000 பேர். முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு. அந்த மொழிகளை அழித்தது பாடசாலை. கல்விச் சபைத் தேர்தலில் தமிழ் வேட்பாளர் வீடு வீடாக வரும்போது தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோர், அனிஷினாபே மக்களின் ஒஜிப்வே மொழி வகுப்புகள் எத்தனை இருக்கின்றன, அதற்கு ஆசிரியர் பயிற்சிக்கு என்ன செய்வீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டால் என்ன? வாக்குக் கையில் இருக்கும்போது கேட்பதுதான் காதில் விழும்.

மறுப்பாளர்களின் விஷயத்திலும் எங்களுக்கு ஒரு தனி வேலை உண்டு. கம்லூப்ஸுக்குப் பிறகு, புதைகுழி ஒன்றும் இல்லை, பாடசாலைகள் நல்ல நோக்கத்தில் நடந்தன, இதெல்லாம் மிகைப்படுத்தல் என்று எழுதுவோர் பெருகியிருக்கிறார்கள். ராடார் காட்டுவது தடயம், எலும்பல்ல என்பது உண்மை. அதை அந்த ஊர் மக்களே சொல்கிறார்கள், தோண்டுவதா வேண்டாமா என்பது அவர்களுடைய முடிவு. ஆனால் பதிவேட்டில் உள்ள 4,100 பெயர்களுக்கு ராடார் தேவையில்லை. முள்ளிவாய்க்கால் எண்ணிக்கையை வைத்து எங்களிடம் இதே வேலையைச் செய்தவர்களைச் சந்தித்திருக்கிறோம். அந்த வாதங்களின் வடிவம் எங்களுக்குப் பழக்கம். அது எங்கள் வட்ஸ்அப் குழுமங்களுக்குள் வரும்போது அங்கேயே மறுத்துவிட வேண்டும்.

இதில் எதையும் ஒரு விழாக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டாம். விழா முடியக் குழுவும் கலைந்துவிடும். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் யாராவது ஒரு உறுப்பினர் எழுந்து பிரேரணை வைக்கட்டும். எங்கள் மண்டபம் எந்த ஒப்பந்த நிலத்தில் இருக்கிறது, அந்த ஒப்பந்தத்தின் சமூகம் இப்போது பொதுமக்களிடம் என்ன கேட்கிறது என்பதைத் தேடிச் சொல்ல இரண்டு பேர், அதில் ஒருவர் முப்பது வயதுக்குக் கீழே. வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி: யாருக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டு. செயற்குழு மாறினாலும் அந்த வரியை அகற்றப் பொதுக்கூட்டத்தின் வாக்கு வேண்டும் என்று யாப்பில் ஒரு திருத்தம். பிரேரணையை ஆமோதிக்க ஒருவர் போதும்.